ஊர்ப்பொதுவாகிய ஆடுகளம்

மக்கள் கூடி வாழும் ஊருக்குக் கோயிலும் குளமும் கல்விக்கூடமும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது ஆடுகளம். ஏட்டுக்கல்வி அறிவை வளர்க்கும். ஆட்டமோ உடலை உரமாக்கும்; தோல்வியைத் தாங்கும் நெஞ்சையும், வெற்றியில் செருக்காத பண்பையும், தான் அடிக்கக்கூடிய பந்தைத் தோழனுக்குத் தள்ளிக் கொடுக்கும் பெருந்தன்மையையும் பழக்கும். இவ்வுண்மையை உணர்ந்த பழந்தமிழர் ஊர் நடுவே மன்றம் அமைத்தனர். மரநிழலும் திறந்த வெளியும் உடைய அம்மன்றத்தில் முதியோர் கூடி வழக்கை ஆராய்ந்தனர். இளையோர் கூடி விளையாடினர். மன்றம் ஒருவர்க்கும் தனியுடைமை அன்று. ஆயினும் அனைவர்க்கும் உரிமையுடையது. இதனையே பொது என்கிறோம்.

பொதுவுக்கு ஒரு குறை உண்டு. தனியொருவனது பொருளை ஒருவன் கவர்ந்தால், இழந்தவன் கூக்குரலிடுவான், ஊர் திரளும். பொதுவைக் கவர்ந்தாலோ, இழந்தவர் பலராயிருந்தும் கூக்குரலிடுவார் ஒருவரும் இலர். ஆதலின், தனியுடைமையினும் மிகுதியாகக் காக்கத்தக்கது பொதுவுடைமையே ஆகும். இதனைத் தெளிவுற விளக்குவது சென்னை மாநகராட்சி ஆடரங்கத்தின் வரலாறு.

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தோன்றியது. இந்திய நாட்டு நகராட்சிகளுள் இதுவே தொன்மையானது. நகரம் பெருகப் பெருக, மக்கள் காற்று வாங்கவும் உலவவும் ஒரு வெளி வேண்டும் என்னும் எண்ணம் ஆள்வோர்க்கு எழுந்தது. ஆளுநர் டிரெவெலியன் 1859ஆம் ஆண்டில் மக்கள் பூங்கா என்னும் பெருஞ்சோலைக்கு வழி வகுத்தார். அதன் பரப்பு 116 ஏக்கர். பெயரிலேயே அது மக்களுக்குரியது என்பது பொறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் காலப்போக்கில் அச்சோலை சிறிது சிறிதாகக் குறைந்தது. ஒருபுறம் மூர் அங்காடி எழுந்தது. ஒருபுறம் மாநகராட்சியின் தலைமை மாளிகையாகிய ரிப்பன் கட்டடம் 1913ஆம் ஆண்டில் நிறைவுற்றது. எஞ்சிய நிலத்தில் பெரியமேட்டை ஒட்டி எழுந்ததே மாநகராட்சி ஆடரங்கம். பின்னாளில் அது நேருவின் பெயரையும் தாங்கியது.

அவ்வரங்கம் அமைந்த இடம் மிகவும் பொருத்தமானது. சென்னை நடுவண் இரயில் நிலையம் அதற்கு அண்மையில் உள்ளது. வடசென்னைத் தொழிலாளர் குடியிருப்புகளும் தொலைவில் இல்லை. பகலெல்லாம் ஆலையிலும் இரயில் பட்டறையிலும் உழைத்தவர் மாலையில் நடந்தே வந்து ஆட்டம் காணலாம். நகரின் கால்பந்தாட்டப் போட்டிகள் அங்கே நிகழ்ந்தன. இரயில்வே அணி, பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை அணி என உழைப்போர் பெயரால் அமைந்த அணிகள் பல சென்னைக் கால்பந்தாட்டத்திற்கு ஆக்கம் தந்தன. கால்பந்து எளியவர்க்கு ஏற்ற ஆட்டம். அதற்கு வேண்டுவன ஒரு பந்தும், திறந்த வெளியும், இருபத்திருவர் கால்களுமே. பந்தை ஒருவாறு தேடிக்கொள்ளலாம். கால்கள் இயற்கை தந்தவை. திறந்த வெளியைத் தருவது ஊரின் கடமை. அக்கடமையை மாநகராட்சி ஆற்றியதன் அடையாளமே அவ்வரங்கம்.

கால்பந்தேயன்றிக் கிரிக்கெட்டும் அங்கே புகழ் பெற்றது. 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்டு ஆட்டங்கள் அக்களத்தில் நிகழ்ந்தன. 1956 சனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் இணையாக நின்று 413 ஓட்டங்கள் குவித்தனர். முதல் இணைக்குரிய உலகச் சாதனையாக அது 2008ஆம் ஆண்டு வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்து நின்றது. 1962 சனவரியில் இங்கிலாந்தை அக்களத்தில் வென்றதனால், அந்நாட்டுக்கு எதிரான ஆட்ட வரிசை ஒன்றை இந்தியா முதன்முறையாகக் கைப்பற்றியது. 1964 சனவரியில் பாபு நட்கர்ணி என்பார் அதே களத்தில் ஓர் ஓட்டமும் கொடாமல் தொடர்ந்து 131 பந்துகள் வீசினார். பொறுமைக்கு இதனினும் சிறந்த சான்று வேறு உண்டோ?

1967ஆம் ஆண்டில் டெஸ்டு ஆட்டம் சேப்பாக்கத்திற்கே மீண்டது. மாநகராட்சி அரங்கம் கால்பந்துக்கும் பிற ஆட்டங்களுக்கும் உரியதாய் நின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் மூப்படைந்தது. 1993ஆம் ஆண்டு நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி சென்னையில் நடைபெறுவதாயிற்று. அதன்பொருட்டுப் பழைய அரங்கம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தே 260 நாள்களில் புதிய அரங்கம் எழுப்பப்பட்டது. 1993 சனவரியில் அயல்நாட்டு அணிகள் பல அங்கே ஆடின. வடகொரிய அணி கோப்பையை வென்றது. 1995ஆம் ஆண்டில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் சென்னையில் நிகழ்ந்தன. 2014ஆம் ஆண்டு முதல் சென்னையின் எப்.சி. என்னும் அணி அவ்வரங்கைத் தன் தாய்க்களமாகக் கொண்டு ஆடத் தொடங்கி, 2015ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் இந்திய அளவில் வாகை சூடியது. இவ்வளவும் பெருமைக்கு உரியனவே.

ஆயின், பழைய அரங்கை இடித்தது தவறோ எனின், அன்று என்பதே நேர்மையான விடை. கல்லும் காரையும் அழியும் இயல்பின. மூத்த கட்டடத்தை அகற்றி உறுதியான கட்டடத்தை எழுப்புதல் அறிவுடையார் செயலே. ஆனால் கட்டடத்தோடு அழியாமல் காக்கப்பட வேண்டியவை இரண்டு உள. ஒன்று நினைவு, மற்றொன்று உரிமை.

முதலில் நினைவைக் கருதுவோம். இலண்டன் மாநகரில் ஆர்சனல் என்னும் கால்பந்து அணி 1913ஆம் ஆண்டு முதல் ஹைபரி என்னும் அரங்கில் ஆடி வந்தது. 2006ஆம் ஆண்டில் அவ்வணி வேறு அரங்கிற்குக் குடிபெயர்ந்தது. பழைய அரங்கு குடியிருப்பாக மாறியது. ஆயினும், அழகிய கிழக்கு மாடத்தின் முகப்பை அழியாமல் காத்தனர். வீரர் ஓடியாடிய புல்வெளியைத் தோட்டமாக்கினர். இன்று அங்குச் செல்வோர் இன்ன இடத்தில் இன்ன ஆட்டம் நிகழ்ந்தது என்று அறிகின்றனர். நம் நாட்டிலோ, இடிக்கப்பட்ட கட்டடத்தோடு அதன் வரலாறும் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. பெரியமேட்டைக் கடந்து செல்லும் இளைஞருள் எத்தனை பேர் மன்கட்டும் ராயும் நின்ற மண் அது என்பதை அறிவர்? ஊர்தோறும் பழங்களங்களின் வரலாற்றைக் கல்லில் பொறித்து வாயிலில் நிறுத்துதல் பெருஞ்செலவு பிடிக்கும் செயல் அன்று.

இனி, உரிமையைக் கருதுவோம். இது நினைவினும் பெரிது. மாநகராட்சி ஆடரங்கம் என்னும் பழம்பெயரில், இது நகரத்தாருக்கு உரியது என்னும் பொருள் விளங்கிற்று. புதிய அரங்கமோ 1992ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. பெரிய போட்டிகளுக்கு உரிய களத்தைத் தெருச் சிறுவர் நாள்தோறும் ஆடித் தேய்க்க இயலாது என்பது உண்மையே. ஆகவேதான் பெரிய அரங்கம் ஒன்று எழும்போது, சிறிய திடல்கள் பல அதனைச் சூழ எழ வேண்டும். ஆலமரத்திற்கு விழுதுகள் எவ்வாறோ, அவ்வாறே பேரரங்கிற்குச் சிறுதிடல்கள்.

அத்திடல்களுக்கும் இடையூறு வந்ததைச் சென்னை கண்டது. 2024 அக்டோபரில், மாநகராட்சிக்குரிய ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பொறுப்பில் விட்டு, ஆடுவோர் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் பெறுவதென மாநகராட்சி மன்றம் முடிவு செய்தது. நாளுக்கு ஒரு மணி வீதம் மாதத்தில் இருபத்தைந்து நாள் ஆடும் சிறுவன் 3,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்பது இதன் பொருள். கூலிவேலை செய்யும் தந்தை மகனுடைய பந்தாட்டத்திற்கு இத்தொகையை எங்ஙனம் தருவார்? எதிர்ப்பு எழுந்தது, மாநகராட்சியும் சில நாள்களுக்குள் அம்முடிவைக் கைவிட்டது. கேட்டுத் திருத்திக்கொண்ட மாநகராட்சியும் பாராட்டிற்குரியது. கேட்கத் துணிந்த மக்களும் பாராட்டிற்குரியர். பொதுவைக் காக்கக் கூக்குரலிடுவார் இருந்தமையாலன்றோ அது காக்கப்பட்டது?

திடலைப் பேணப் பொருள் வேண்டாவோ என்று சிலர் வினவுவர். வேண்டும்; ஐயமில்லை. புல்லைப் பேணவும், விளக்கெரிக்கவும், காவலாளர்க்குச் சம்பளம் தரவும் பொருள் வேண்டும். ஆனால் அப்பொருளை ஆடவரும் சிறுவன் கையினின்று பெற வேண்டுவதில்லை. இதற்கு நல்வழி ஒன்றை நம் முன்னோரே காட்டியுள்ளனர். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டப்படுகிறது. வீடுடையார் அனைவரும் சிறிது சிறிதாகத் தருவதனால், நூலகத்துள் நுழையும் ஏழை மாணவன் படிப்பதற்குக் காசு தர வேண்டுவதில்லை. அறிவை வளர்க்கும் நூலகத்திற்கு வகுத்த நெறி, உடலை வளர்க்கும் ஆடுகளத்திற்கும் ஏற்றதேயாம். ஊரார் அனைவரும் சிறிது தரின், ஒருவர் மீதும் சுமை ஏறாது.

இது தலைநகரத்தின் செய்தி; நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செம்பட்டிக்கும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் இதனால் ஆவது என்ன என்று கருதலாகாது. திண்டுக்கல் சமவெளியில் அறுவடை முடிந்த வயலும், நீர் வற்றிய குளமும், ஊர் மந்தையுமே சிறுவர்க்கு ஆடுகளங்கள். விதை விழுந்தவுடன் வயல் மூடிக்கொள்ளும். மழை பெய்தவுடன் குளம் நிறைந்துவிடும். ஆண்டு முழுதும் எஞ்சி நிற்பது மந்தைவெளி ஒன்றே. சாலைகள் கூடும் ஊர்களில் நிலத்தின் விலை நாளும் ஏறுகிறது. விலை ஏறிய நிலத்தின் நடுவே வெறுமையாய்க் கிடக்கும் பொதுவெளி பலர் கண்ணையும் ஈர்க்கும். இன்று ஒரு கொட்டகை, நாளை ஒரு சுவர் என அது சுருங்கத் தொடங்கும். மக்கள் பூங்காவாகிய 116 ஏக்கர் சுருங்கிய வழியும் இத்தகையதே. அங்கே எழுந்தவை நல்ல கட்டடங்கள். ஆயினும் பூங்கா குறைந்தது குறைந்ததே. நல்ல நோக்கத்தோடு எடுக்கினும், எடுத்த பொது மீள்வதரிது.

ஆதலின் ஒவ்வோர் ஊராரும் செய்யத்தக்கன சில உள. தம் ஊர் ஆடுகளத்தை அளந்து எல்லைக்கல் நாட்டுதல் வேண்டும். அதன் அளவை ஊராட்சி ஏட்டில் பதிந்து கிராம சபையில் படித்துக் காட்டுதல் வேண்டும். கட்டடம் எழுப்ப வேண்டிய இன்றியமையாமை நேரின், அதற்கு ஈடான வெளியை முன்னரே ஒதுக்கிய பின்னரே கடைக்கால் தோண்டுதல் வேண்டும்.

அரங்கங்கள் எழும், மூப்படையும், இடிக்கப்படும், மீண்டும் எழும். அது காலத்தின் இயல்பு. பந்தொன்றைக் கையிலேந்தி வரும் ஏழைச் சிறுவனுக்குத் திறந்திருக்கும் வாயில் மட்டும் எக்காலத்தும் அடைபடலாகாது. அதனைத் திறந்து வைத்திருக்கும் ஊரே வளரும் ஊர்.