பொய்ப்பெருமையும் மெய்க்கணக்கும்



பைத்தகோரசுக்கு முன்பே போதாயனார் என்னும் தமிழ்ப்புலவர் செங்கோண முக்கோணத்தின் நெடும்பக்கம் காணும் முறையைப் பாடிவிட்டார் என்று ஒரு பாட்டு மேடைதோறும் முழங்கப்படுகின்றது, கைப்பேசிதோறும் பறக்கின்றது. கேட்டவுடன் நம் தோள்கள் விம்முகின்றன. விம்முமுன் கணக்கிட்டுப் பார்த்தோமா?

அப்பாட்டின் முறை இது: செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களுள் பெரியதில் அரைக்கால் பங்கைத் தள்ளுக, எஞ்சியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுக. 3, 4 எனின் 5 வருகின்றது. 5, 12 எனின் 13 வருகின்றது. இவ்விரண்டோடு நிறுத்திக்கொள்வார் கைதட்டுவார். 8, 15 என வைத்துப் பாருங்கள். 17 வரவேண்டிய இடத்தில் பதினேழே அரைக்கால் வருகின்றது. 7, 24-க்கு 25 வரவேண்டும். வருவதோ இருபத்து நான்கரை!

இதனினும் கேடு ஒன்றுண்டு. 8, 8, 11 என்னும் பக்கங்களை இப்பாட்டு செங்கோண முக்கோணம் என்று சான்றளிக்கும். எட்டெட்டு அறுபத்து நான்கு. இரண்டும் கூடி 128. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. இரண்டும் ஒவ்வா. அந்த மூலை 90 பாகை அன்று. ஏறத்தாழ 87 பாகை. இம்முறையை நம்பி மூலைமட்டம் பார்க்கும் கொத்தனாரின் சுவர் கோணிப்போகும்.

மெய்க்கணக்கு யாது? சிறுபக்கங்கள் இரண்டையும் தனித்தனியே தம்மால் பெருக்கிக் கூட்டுக. அத்தொகை, நெடும்பக்கத்தைத் தன்னால் பெருக்கியதற்கு ஒத்தால் செங்கோணம், மிகுந்தால் குறுங்கோணம், குறைந்தால் விரிகோணம். இதற்கு விலக்கே இல்லை. யூக்ளிடு தம் முதல் நூலின் 47, 48-ஆம் தேற்றங்களில், செங்கோணமாயின் இது பொருந்தும் என்பதையும், இது பொருந்தின் செங்கோணமே என்பதையும் நிறுவிக் காட்டினார். அவருக்கும் பைத்தகோரசுக்கும் நெடுங்காலம் முன்னரே, கி.மு. 1800 அளவில், பாபிலோனியர் இத்தகைய எண்களைக் களிமண் பலகையில் வரிசையாகப் பொறித்து வைத்தனர்.

சுல்ப நூல் செய்த போதாயனர் எழுதியதோ வடமொழியில். அவர் உரைத்ததும் இந்த அரைக்கால் முறை அன்று. தமிழின் பழம்பெருமை என்று நாம் தலைமேல் தாங்கும் அப்பாட்டிலோ நெடும்பக்கத்தின் பெயர் 'கர்ணம்' என்னும் வடசொல்! 'செம்பக்கம்' என்னும் தூய சொல்லை ஈழத்துப் பாடநூல்கள் ஆளுகின்றன, நாம் ஆளவில்லை.

“ஏறத்தாழச் சரிதானே?” என்பர் சிலர். ஆம், சிறியது பெரியதில் பாதிக்குக் குறையாதவிடத்துப் பிழை நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது. கைக்கணக்காகப் போற்றுக, தேற்றம் என்று சாற்றாதீர்!

முந்திரி என்று 320-இல் ஒரு பங்குக்கும் பெயரிட்டு அளந்த இனம் நாம். அரைக்கால் பிழையைப் பெருமையென்று சுமப்பது நமக்கு இழுக்கு. இப்பொய்யை நம் பிள்ளை பிறர் அவையிற் சொன்னால், பகைவர் அதனை மட்டுமா நகைப்பர்? கணக்கதிகாரத்தையும் சேர்த்தன்றோ நகைப்பர்!

ஆசிரியப் பெருமக்களே, பாட்டை ஒப்புவிக்கச் செய்யாதீர். மாணவன் கையில் அளவுகோலைக் கொடுங்கள். தமிழுக்குப் பொய்ச்சான்று வேண்டா, மெய்யே போதும்!