தந்தை திருத்திய கார்

யாழ்ப்பாணத்தில் கார் பழுதானால் 'திருத்தக் கொடுத்திருக்கிறது' என்பார்கள். பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்காளர் பிழை நீக்குவதும் திருத்தம்தான். முன்னையது ஒரு பொருளை இருந்த நிலைக்கு மீட்பது. பின்னையது இருந்ததைவிட நல்ல நிலைக்குக் கொண்டுவருவது. இரண்டும் ஒரே வேலைதானா என்ற கேள்வி 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு வீதியோரத்தில் எனக்குள் எழுந்தது. இன்றுவரை அது என்னைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரொறொன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் கார்ப் பைத்தியம். "மாமா, பத்திரிகைக்காரன் என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்" என்று நான்கு மணி நேரம் கார் ஓட்டி, எல்லையைக் கடந்து, என்னை டெட்ரோயிட் நகருக்கு அழைத்துச் சென்றான். அந்நகரின் ஆற்றங்கரையில் தொடங்கிப் பொன்ரியாக் என்ற ஊர் வரை நீளும் வீதிக்கு வூட்வார்ட் அவெனியூ என்று பெயர். 1909ஆம் ஆண்டிலேயே ஒரு மைல் நீளத்துக்குக் கொங்கிறீற் போடப்பட்ட வீதி அது. 1960களில் இளைஞர்கள் இரவு வேளைகளில் கார்ப்பந்தயம் விட்டதும் அங்கேதான். 1995 முதல் ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமையில் பழைய கார்களெல்லாம் அங்கே ஊர்வலமாக வருகின்றன. நம்மூர்த் தேர்த்திருவிழா போலச் சனங்கள் இருமருங்கிலும் கதிரை போட்டு அமர்ந்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு தந்தையையும் மகளையும் சந்தித்தேன். தந்தை கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தேழு என்றார். அவர்களுக்குப் பின்னால் நின்றது 1965ஆம் ஆண்டுப் பொன்ரியாக் ஜீரிஓ. கருநீல நிறம். தந்தையும் மகளும் ஆறு ஆண்டுகள், வார இறுதிகளில், வீட்டுக் கராஜில் வைத்துத் திருத்திய கார் அது.

இந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 'மசில் கார்' என்று அமெரிக்கர்கள் அழைப்பது நடுத்தர அளவுள்ள, விலை குறைந்த உடலுக்குள் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்திய வாகனத்தை. இந்த வகை வேறு சில கார்களிலிருந்தும் தொடங்கியது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அதை நாடறியச் செய்தது 1964இல் வந்த ஜீரிஓ. அக்காலத்தில் பொன்ரியாக்கின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் ஜோன் டிலோரியன். நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டர்ஸ் தலைமையகத்தின் விதி. அவரும் அவருடைய சகாக்களும் 389 கன அங்குல எஞ்சினை, அதாவது ஏறத்தாழ 6.4 லீற்றர் எஞ்சினை, டெம்பெஸ்ட் காருக்குள் இறக்கினார்கள். அதைப் புதிய கார் என்று சொல்லாமல், வாங்குபவர் விரும்பினால் கேட்டுப் பெறக்கூடிய மேலதிக வசதி என்று பட்டியலில் சேர்த்து விதியைக் கடந்தார்கள். முதல் ஆண்டில் 32,450 கார்கள் விற்றன. 1965இல் அது எழுபத்தையாயிரத்தைத் தாண்டியது.

நான் அந்தத் தந்தையோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய வயதை ஒத்த ஒருவர் வந்தார். அவரிடமும் அதே ஆண்டு ஜீரிஓ உண்டாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஒரு ஆணியும் மாறாமல் வைத்திருக்கிறாராம். திறந்திருந்த எஞ்சின் மூடிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "நல்லதொரு காரைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் கோபித்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காருக்குள் இருந்தது பொன்ரியாக்கின் பழைய இரும்பு எஞ்சின் அல்ல. அலுமினியத்தாலான, கணினி எரிபொருளைச் செலுத்தும் எல்எஸ்1 என்ற பிற்கால எஞ்சின். அது செவர்லே வழிவந்தது. பொன்ரியாக் பக்தர்களுக்கு அது கோயிலுக்குள் பிறமதத்துச் சிலையை வைத்ததுபோல. தந்தை சிரித்தார். "இந்த எஞ்சினும் ஜீரிஓவிலிருந்து வந்ததுதான். 2004ஆம் ஆண்டுக் கார். விபத்தில் நொறுங்கியதை வாங்கினேன்" என்றார். உண்மைதான். 2004இல் பொன்ரியாக் நிறுவனம் ஜீரிஓ என்ற பெயருக்கு மீண்டும் உயிர்கொடுத்து அவுஸ்திரேலியாவிலிருந்து கார்களை இறக்கியபோது, அவற்றில் இருந்தது இதே எஞ்சின்தான்.

ஆனால் அவர் எனக்குக் காட்ட விரும்பியது எஞ்சினை அல்ல. பிரேக்கையே முதலில் காட்டினார். 1965ஆம் ஆண்டுக் காரில் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக். 335 குதிரைவலு என்று விளம்பரம் செய்த காரை அவைதான் நிறுத்த வேண்டும். ஓரிரு முறை வேகத்தில் அழுத்தினால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். அவற்றுக்கு எண்ணெய் அனுப்பும் பிரதான சிலிண்டரும் ஒற்றைப் பாதை கொண்டது. ஓரிடத்தில் குழாய் கசிந்தால் நான்கு சில்லுகளிலும் பிரேக் இல்லை. ஸ்டியரிங் தண்டு மடங்காத இரும்பு. நேருக்கு நேர் மோதினால் அது ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வரும். ஆசனப்பட்டி இடுப்பை மட்டுமே சுற்றும். தோளுக்கு எதுவுமில்லை.

இவை எல்லாவற்றையும் அவர் மாற்றியிருந்தார். நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பிரேக். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி எண்ணெய்ப் பாதை. மோதினால் மடங்கும் ஸ்டியரிங் தண்டு. தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டி. அதைத் தாங்குவதற்குக் கதவின் பின்புறத் தகட்டுக்குள் உருக்குத் துண்டை ஒட்டியிருந்தார். அந்த ஒட்டு வேலை மகளுடையது என்று பெருமையோடு சொன்னார். அலுமினிய எஞ்சினைத் தேர்ந்ததற்கும் வேகம் காரணமல்ல. பழைய எஞ்சினைவிட அது நூறு இறாத்தலுக்கும் மேல் இலகுவானது. மூக்கின் பாரம் குறைந்தால் திருப்புவதும் நிறுத்துவதும் இலகு.

ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். மகள் பேசாமல் தந்தையைப் பார்த்தாள். அவருடைய அண்ணன் 1967இல் இதேபோன்ற காரில், இதே மாவட்டத்தில், மரத்தில் மோதி இறந்தாராம். அண்ணனுக்கு இருபது வயது. இவருக்குப் பதினேழு. "காரின் முன்பகுதி மட்டுமே நசுங்கியிருந்தது. ஸ்டியரிங் தண்டுதான் அவனைக் கொன்றது. ஆனாலும் இந்தக் காரை என்னால் வெறுக்க முடியவில்லை" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நாற்பது ஆண்டு நிருபர் தொழில் எனக்குக் கற்பித்தவற்றுள் ஒன்று, எங்கே கேள்வியை நிறுத்த வேண்டும் என்பது.

வாசகர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1966ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க வீதிகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில்தான் ரால்ஃப் நேடர் கார் நிறுவனங்களைக் குற்றக்கூண்டில் ஏற்றும் நூலை எழுதியிருந்தார். 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மடங்கும் ஸ்டியரிங் தண்டும் இரட்டைப் பாதைப் பிரேக்கும் அதன்பின்னரே பொதுவாயின. ஆகவே அந்தத் தந்தை தமது கராஜில் செய்தது புதுமை அல்ல. தொழிற்சாலை இரண்டு ஆண்டுகள் பிந்திச் செய்ததை, அந்த இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய காருக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்துச் செய்து கொடுத்தார்.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் பத்திரிகையாளன் அல்லன். ஸ்டீவ் மக்குயின் நடித்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஓடிய 1968ஆம் ஆண்டு மஸ்டாங் காரை 1974இல் ரொபர்ட் கீர்னன் என்பவர் வாங்கினார். குடும்பத் தேவைக்காக ஓட்டினார். மக்குயின் அதைத் திருப்பித் தரும்படி கடிதம் எழுதியும் கொடுக்கவில்லை. 1980இல் கிளச் பழுதாகி அது ஒதுங்கியது. தந்தை 2014இல் இறந்த பின், மகன் ஷோன் 2018இல் அதை உலகுக்குக் காட்டினார். படப்பிடிப்பில் பட்ட அடையாளங்களோடு, துருவோடு, மங்கிய நிறத்தோடு நின்ற அந்தக் கார் 2020 ஜனவரியில் 34 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. கட்டணங்களையும் சேர்த்தால் 37.4 இலட்சம். அதைப் புதுநிறம் பூசிப் பளபளக்கச் செய்திருந்தால் ஒரு வரலாற்று ஆவணம் அழிந்திருக்கும். அந்தத் தந்தையும் மகனும் அதை மாற்றாமல் விட்டது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் எது சரி? எனது கருத்து இதுதான். ஒன்றே ஒன்றாக எஞ்சியிருப்பதைத் தொடக்கூடாது. எழுபத்தையாயிரத்தில் ஒன்றாக வந்து, எஞ்சினை எப்போதோ பறிகொடுத்து, தரைத்தகடு துருவேறிக் கிடந்த ஒரு கூட்டுக்கு 'அசல்' என்ற சொல் பொருந்தாது. அதை அசலாக்குவதும் புதிதாகச் செய்வதே. கடையில் வாங்கிய பழைய பாகங்களால் செய்த புதுமை அது. மேலும், அசல் அசல் என்று பேசுவோர் மறக்கும் ஒன்று உண்டு. ஜீரிஓவே பெரிய காரின் எஞ்சினைச் சிறிய காருக்குள் இறக்கிய மாற்று வேலைதான். விதி மீறிப் பிறந்த காருக்கு விதிமுறை பேசுவது பொருத்தமா?

இதில் எனக்குச் சார்பு இருக்கலாம். அதையும் ஒப்புக்கொள்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் தந்தையாரின் ஏ40 காரும் அப்படித்தான் புகை கக்கிக்கொண்டு நோயாளிகளை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றது. அது அசலா என்று எவரும் கேட்டதில்லை. ஓடுமா என்றுதான் கேட்டார்கள். ஆனால் அது இல்லாமையால் வந்த மாற்றம். மிச்சிகன் தந்தையிடம் எல்லாம் இருந்தன. பழையபடியே செய்து கூடுதல் விலைக்கு விற்றிருக்கலாம். எல்லாம் இருந்தும் மாற்றத் துணிந்தார் என்பதே அவரிடம் நான் மதிப்பது.

தந்தை வெட்டிய கிணறு என்பதற்காக உப்புத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று நம்மவர்கள் பிள்ளைகளைப் பார்த்துத்தான் கேட்பார்கள். கிணற்றை வெட்டிய தந்தையையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது. நாம் நேசித்தவற்றை, அவற்றின் ஆபத்தையும் மூடி மறைத்து, 'இதுதான் நம் பெருமை' என்று பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுகிறோம். கார் மட்டுமா அப்படி? நம் தலைமுறை கையளித்தவற்றின் பட்டியலை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம்.

பொன்ரியாக் என்ற பெயர் 2010இல் சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது. அன்று மாலை, அந்தப் பெயரைத் தாங்கிய ஊரை நோக்கி, அந்தக் கருநீலக் கார் புறப்பட்டது. ஓட்டுநர் ஆசனத்தில் மகள். பக்கத்து ஆசனத்தில் இருந்த தந்தை முதலில் மகளின் பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் தமது பட்டியைப் பூட்டினார்.