ஏட்டுச் சுரைக்காயின் விலை 59,000 ரூபாய்

என்விடியா நிறுவனம் தன் ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்தியாவில் அறிவித்த விலை 59,000 ரூபாய். 2025 மார்ச் 5 அன்று அது விற்பனைக்கு வந்தது. அந்த வாரம் செகந்திராபாத் கணினிச் சந்தையில் நான் ஏறி இறங்கிய ஏழு கடைகளில் ஒன்றில்கூட அந்த விலைக்கு அது கிடைக்கவில்லை. ஒரு கடையில் 71,500 ரூபாய் கேட்டார்கள். இன்னொரு கடையில் 66,000க்குத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் பவர் சப்ளையையும் கேபினட்டையும் சேர்த்து வாங்க வேண்டுமாம். எனக்கு இரண்டும் வேண்டியதில்லை. அறிவித்த விலையை அலைபேசியில் காட்டினேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, வெட்கப்படவும் இல்லை. அது இணையத்தின் விலை, இது கடையின் விலை என்று பாடம் சொல்லும் நிதானத்தோடு சொன்னார். அவர்மீது எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. அந்தச் சந்தையில் நான் கேட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அதுதான்.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் விளையாட்டுப் பிள்ளைகளின் அழுகை என்று இதைத் தள்ளிவிட ஆளிருக்கிறது. ஆதிலாபாத் பகுதியில் கோலாமி மொழி பேசும் முதியவர்களின் குரல்களைப் பதிவு செய்து, அவற்றை எழுத்தாக்கும் ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவிப்பது என் ஆய்வின் ஒரு பகுதி. இந்தக் குரல்கள் இணையத்துக்குப் போகக் கூடாது என்று பேசியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நானும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆகவே வாடகைக் கணினிகளில் ஏற்றி வேலையை முடித்துக்கொள்ளும் வழி எனக்கில்லை. துறையில் இருக்கும் ஒரே சர்வருக்குக் காத்திருப்போர் வரிசை, ரேஷன் கடை வரிசையை நாணச் செய்யும். எனக்கு வேண்டியது 12 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு கார்டு. ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது மாதந்தோறும் வருகிறது என்று நம்புவோர் நம்பட்டும். 59,000 என்ற எண்ணை நம்பி ஜனவரியிலிருந்து சேமித்தவருக்கு 12,500 ரூபாய் வேறுபாடு என்பது சில்லறை அல்ல.

வரி, சுங்கம், கப்பல் கூலி என்று சமாதானம் சொல்ல வருவோருக்காக ஒரு சிறிய கணக்கு. அமெரிக்காவில் அறிவித்த விலை 549 டாலர். அன்றைய மதிப்பில் டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் 47,214 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 55,713. மீதம் மூவாயிரத்துச் சொச்சம் பிற செலவுக்கு. அதாவது 59,000 என்ற எண்ணிலேயே வரி அடங்கியிருக்கிறது. அந்த விலையை நான் அநியாயம் என்று சொல்லவில்லை. அந்த விலை இல்லை என்று சொல்கிறேன்.

இதற்கு எம்எஸ்ஆர்பி என்று பெயர்: உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை. நம் நாட்டில் பிஸ்கட் பொட்டலம்வரை அச்சிடப்படும் எம்ஆர்பி வேறு. அது அதிகபட்ச விலை, அதைத் தாண்டி விற்றால் குற்றம். இரண்டு சுருக்கப்பெயர்களும் காதில் ஏறத்தாழ ஒன்றாகவே விழுகின்றன. ஆனால் ஒன்று கூரை, மற்றது வெறும் அபிப்பிராயம். அந்தக் கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த எம்ஆர்பி ஒரு லட்சத்துக்கும் மேல்! சட்டம் கேட்கும் கூரையை எவர் தலையும் இடிக்காத உயரத்தில் கட்டிவிட்டு, விளம்பரம் கேட்கும் விலையை எவர் கையும் எட்டாத தாழ்வில் வைத்துவிட்டார்கள். இடையில் உள்ள வெளியில்தான் வியாபாரம் நடக்கிறது.

இப்போது என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். அது கடைக்காரரோடு அல்ல, மதிப்புரையாளர்களோடு.

ஒரு கார்டு நல்லதா என்று எவரும் தனியாகக் கேட்பதில்லை. இந்த விலைக்கு நல்லதா என்பதே கேள்வி. ஒவ்வொரு மதிப்புரையின் இறுதியிலும் வரும் தீர்ப்பு, ரூபாய்க்கு எத்தனை பிரேம் என்ற வகுத்தல் கணக்கு. வகுக்கும் எண் பொய்யானால் ஈவும் பொய். அந்த வகுக்கும் எண்ணாக மதிப்புரையாளர்கள் எதை வைக்கிறார்கள்? அறிவித்த விலையை. விற்பனை தொடங்கும் முன்பே தீர்ப்பை வெளியிட்டாக வேண்டியிருப்பதால் வேறு எண் அவர்கள் கையில் இல்லை. இது தற்செயல் அன்று. இந்தத் தலைமுறையில் என்விடியா வகுத்த தடைக்கால ஒழுங்கையே பாருங்கள்: அறிவித்த விலைக்கு உரிய மாதிரிகளின் மதிப்புரைகள் ஒரு நாள் முன்பாக வெளியாகலாம், அதைவிட விலை கூடிய மாதிரிகளின் மதிப்புரைகள் மறுநாள்தான். ஆக, உலகமே உற்றுப்பார்க்கும் முதல் நாளில் பேசப்படுவது கடையில் அரிதாகவே கிடைக்கப்போகும் பொருள். அந்தத் தீர்ப்பு பிறகு ஆண்டுக்கணக்கில் தேடுபொறியின் முதல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காயைச் சமைத்து, ருசி பார்த்து, மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறார்கள்.

விலை ஒரு பக்கம், செயல்திறன் இன்னொரு பக்கம். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில் ஜென்சன் ஹுவாங், 549 டாலருக்கு 4090இன் செயல்திறன் என்று அறிவித்தார். 4090 அறிமுகமானபோது அதன் விலை 1,599 டாலர். அதில் 16,384 கணிப்பு மையங்கள், 24 ஜிபி நினைவகம். 5070இல் 6,144 மையங்கள், 12 ஜிபி. எங்கிருந்து வந்தது சமன்? செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிச் செருகப்படும் பிரேம்களிலிருந்து. கார்டு முறையாக வரைந்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே மூன்று பிரேம்கள்வரை ஊகித்து நிரப்பப்படுகின்றன. அசைவு கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் ஊகித்த அந்தப் பிரேம்கள் எதிலும் ஆடுபவரின் விரலசைவுக்குப் பதில் இல்லை. அடுத்த பிரேம் வரையப்படும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் தாமதம் கூடவே செய்கிறது. என்னைப்போல் மாதிரியைப் பயிற்றுவிப்பவருக்கோ அதனால் அணுவளவும் பயனில்லை. பிரேம் என்ற சொல்லின் பொருளை மாற்றிவிட்டு, பழைய பொருளில் அளந்த எண்ணோடு புதிய பொருளில் அளந்த எண்ணை ஒரே கட்டத்தில் நிறுத்துகிறார்கள். முதலாண்டு மொழியியல் மாணவர் ஒருவர் தன் தரவு அட்டவணையில் இப்படிச் செய்திருந்தால் அந்தத் தாள் அன்றே திரும்பி வந்திருக்கும். செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது முடியாது என்று மேடையிலேயே சொன்னாரே என்பார்கள். சொன்னார். ஆனால் ஊர் முழுக்கப் பரவியது எந்த வாக்கியம் என்பதும், எது பரவும் என்று அவருக்குத் தெரியாதா என்பதும் உங்கள் யோசனைக்கு.

இதில் தமிழுக்கென்று ஒரு தனிக் கோளாறு உண்டு. தமிழில் வரும் காணொளிகள் பலவும் நிறுவனத்தின் செய்திக்குறிப்பை அப்படியே பெயர்த்துச் சொல்பவை. ஆங்கிலத்தில் உச்சவரம்பைக் குறிக்கும் சொல் எண்ணுக்கு முன்னால் நிற்கும். கேட்பவர் எச்சரிக்கையோடுதான் எண்ணுக்குள் நுழைகிறார். தமிழில் ‘வரை’ எண்ணுக்குப் பின்னால் வரும். ‘இரண்டு மடங்கு’ என்று குரலை உயர்த்திச் சொல்லி முடித்த பிறகு வரும் அந்தச் சின்னச் சொல் வாயிலேயே கரைந்துவிடுகிறது. பல காணொளிகளில் அது வருவதே இல்லை. உச்சம் சராசரியாகிவிடுகிறது.

நேர்மையான மதிப்புரையாளர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நேர்வதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 டிசம்பரில் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் காணொளித் தளத்துக்கு என்விடியாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ரே டிரேசிங் என்ற ஒளிக்கணிப்பு நுட்பத்துக்கு அவர்கள் போதிய முதன்மை தரவில்லை. ஆகவே இனி மதிப்புரைக்கு மாதிரிக் கார்டுகள் கிடையாது என்பது சாரம். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது மின்னஞ்சலைத்தான், மனப்பான்மையை அல்ல என்பது 2025 மே மாதம் தெரிந்தது. ஆர்டிஎக்ஸ் 5060 மே 19 அன்று கடைக்கு வந்தது. மதிப்புரையாளர்கள் பலர் தைப்பேயில் நடக்கும் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சிக்குப் பயணப்பட்டிருந்த நாட்கள் அவை. அந்தக் கார்டை இயக்குவதற்கான டிரைவர் மென்பொருள் முன்கூட்டியே பொதுவாகத் தரப்படவில்லை. தேர்ந்தெடுத்த சில ஊடகங்களுக்கு மட்டும் கிடைத்தது. அதுவும் இன்னின்ன விளையாட்டுகளில், இன்னின்ன அமைப்புகளில், இன்னின்ன பழைய கார்டுகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. மணமகன் வீட்டாரே கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பெண்ணின் தோழியிடம் சான்றிதழ் வாங்குவதைப் போன்றது இது. சிலர் மறுத்துவிட்டனர். ஏற்றுக்கொண்டவர்கள் அதற்கு ‘முன்னோட்டம்’ என்று பெயரிட்டனர்.

பெயரிடுவதில் அவர்களுக்குள்ள திறமை தனி ஆய்வுக்குரியது. 2022 செப்டம்பரில் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். வேறுபாடு நினைவகம் மட்டுமே என்று நினைப்பீர்கள். உள்ளே இருந்த சில்லே வேறு, கணிப்பு மையங்கள் 9,728க்குப் பதில் 7,680. கண்டனம் எழுந்ததும் அக்டோபரில் 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்று, அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில், நூறு டாலர் குறைத்து விற்றார்கள். பெயர் மாறியதும் விலை இறங்கியது என்றால், அந்த நூறு டாலர் எதற்கான விலை? 2025 ஏப்ரலில் 5060 டிஐ கார்டும் 8 ஜிபி, 16 ஜிபி என்று ஒரே பெயரில் வந்தது. மதிப்புரைக்குப் பெரும்பாலும் அனுப்பப்பட்டது 16 ஜிபி. பாராட்டு ஒன்றுக்கு, விற்பனை இரண்டுக்கும். ஏஎம்டியைப் புனிதராக்குவோரும் இருக்கிறார்கள். 599 டாலருக்கு அறிவித்த 9070 எக்ஸ்டி முதல் சரக்கு தீர்ந்ததும் விலையேறியதையும், 9060 எக்ஸ்டி அதே 8, 16 ஜிபி இரட்டைப் பெயரோடு வந்ததையும் அவர்கள் மறக்காமல் இருக்கட்டும்.

தேவை மிகுந்தால் விலை ஏறும், இது பொருளியலின் பாலபாடம் என்று ஒரு நண்பர் எனக்குச் சொன்னார். ஏறட்டும். ஏறிய விலையை விலை என்று சொல்லுங்கள். பொறுத்திருந்தால் இறங்கும் என்றார் இன்னொருவர். உண்மைதான், மாதங்கள் போனபின் இறங்கத்தான் செய்தது. ஆனால் மாதங்கள் கழித்து வரப்போகும் விலைக்கு முதல் நாளே பாராட்டை வாங்கி வைத்துக்கொள்வது எந்தப் பாலபாடத்தில் இருக்கிறது?

பேச்சுச்செயல் கோட்பாட்டில் வாக்குறுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: சொல்பவருக்கு அதை நிறைவேற்றும் எண்ணம் இருக்க வேண்டும். விலை அறிவிப்பு வாக்குறுதியா, வெறும் பரிந்துரையா என்ற கேள்விக்கு நம் சட்டம் மொழியியலைவிடத் தெளிவாகவே விடை தருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளில், குறைந்த விலை காட்டி ஈர்க்கும் தூண்டில் விளம்பரத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. சொன்ன விலைக்கு விற்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். எதிர்பார்க்கத்தக்க தேவைக்குப் போதுமான இருப்பு வேண்டும். இருப்பு குறைவென்றால் அதைச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய்வரை தண்டம், பரிந்துரைத்தவருக்கும் உண்டு. இலவசமாகப் பொருளைப் பெற்றுக்கொண்டு பேசுவோர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. காணொளியின் கீழே, ‘மேலும்’ என்பதைச் சொடுக்கினால் திறக்கும் மடிப்பின் ஏழாவது வரி வெளிப்படை ஆகாது.

மதிப்புரை செய்யும் தமிழ் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. முதல் நாளில் அளவீடுகளை மட்டும் வெளியிடுங்கள். தீர்ப்பை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். அந்த மாதத்தில் சென்னை ரிச்சி தெருவில் ஐந்து கடைகள், இணையத்தில் மூன்று கடைகள் விசாரித்து, தேதியிட்ட அந்த விலையால் வகுத்துச் சொல்லுங்கள். செருகிய பிரேம்களை வேறு நிறத்தில், வேறு அட்டவணையில் காட்டுங்கள். முதல் நாள் பார்வைகள் குறையும் என்பீர்கள். குறையும்; அதைத்தான் கேட்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் என் புகாரைப் பதிந்திருக்கிறேன். பதிவு செய்தவர், கடையில் பணம் கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேட்டார். வாங்க முடியாமல் போனதுதான் புகார் என்பதை அவருக்கு விளக்கப் பத்து நிமிடங்கள் ஆயின. இப்போதைக்கு, நான்காண்டுப் பழைய 3060 ஒன்றை, நினைவகம் அதே 12 ஜிபி, விடுதி மாணவர் ஒருவரிடம் 17,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். அவர் சொன்ன விலையும் நான் கொடுத்த விலையும் ஒன்றே.