நாரி நோவும் அசையப் பயமும்



எம்மவர் வீடுகளுக்குப் போனால், சுகம் விசாரித்து முடியுமுன் காதில் விழுவது நாரி நோவும் முழங்கால் உழைவும்தான். சித்தாலேப பூசியாயிற்று, குளிசை போட்டாயிற்று, படமும் எடுத்தாயிற்று. ஆனால் நோவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று குந்தியிருக்கிறது. அதை நாம் வைத்தியரிடம் சொல்வதில்லை. அதுதான் பயம். "குனிந்தால் எலும்பு விலகிவிடும்", "படி இறங்கினால் நரம்பு இழுத்துவிடும்", "வெளியே போனால் குளிர் நாரிக்குள் இறங்கிவிடும்" என்று அசைவதையே விட்டுவிடுகிறோம். இம்முறை அந்தப் பயத்தைப் பற்றிப் பார்ப்போம்.

புதிய காயத்தின் நோவும், மூன்று மாதங்களைத் தாண்டிய நோவும் ஒன்றல்ல. கால் முறிந்தவருக்கு நோ ஒரு காவல் நாய். அது குரைத்தால் அசையாமல் இருப்பதே சரி. ஆனால் சில நாய்கள் கள்ளன் போய் வெகுநேரமான பின்னும் குரைத்துக்கொண்டே இருக்கும். நீண்டகால நோவும் பெரும்பாலும் அப்படித்தான். நரம்புகளும் மூளையும் அதற்குப் பழகி, சிறு அசைவுக்கும் பெரிய எச்சரிக்கை கொடுக்கின்றன. நோ உண்மையானது, கற்பனையல்ல. ஆனால் நோகிறது என்பதற்காக உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருளல்ல.

இந்தப் பயம் எப்படி வளர்கிறது என்பதை யோஹான் விளாயன், ஸ்டீவன் லின்டன் என்ற இரு உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினார்கள். நோவைக் கண்டு பயம், பயத்தால் அசையாமை, அசையாமையால் தசைகள் தளர்ந்து மனமும் சோர்தல், அதனால் இன்னும் நோ. இது செக்குமாட்டு வட்டம்.

1995இல் ஹெல்சிங்கி நகரில், புதிதாக நாரிப்பிடிப்பு வந்த 186 ஊழியர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். இன்னொரு பகுதியினர் முதுகுப் பயிற்சி செய்தனர். மூன்றாம் பகுதியினர் இயன்றளவு வழமையான வேலைகளைத் தொடர்ந்தனர். விரைவில் தேறியவர்கள் இந்த மூன்றாம் பகுதியினரே. படுத்தவர்கள்தான் மிக மெதுவாகத் தேறினர்.

"டிஸ்க் விலகியிருக்கு என்று படத்திலேயே வந்திட்டுதே" என்பவர்களுக்கும் ஒன்று சொல்வோம். 1994இல் அமெரிக்காவில் முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களின் டிஸ்க் ஓரிடத்திலாவது புடைத்திருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோவுக்குக் காரணமாகிவிடாது.

இனி வீட்டாரிடம் ஒரு வார்த்தை. "அம்மா, நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்யிறம்" என்று நாம் அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடியில் ஒருவரைக் கதிரையோடு இருத்திவைத்தால், மாதங்கள் போகப் போக அவர் படி இறங்கவே மாட்டார். சமையலும் போய், கடைதெருவும் போய், நாலு பேரோடு கதைப்பதும் போய்விடும். அவரது வேலையைப் பறிக்காமல், கூடவே நடந்துபோங்கள்.

என்ன செய்யலாம்? முதலில், பயப்படும் அசைவுகளை எழுதுங்கள். குறைந்த பயம் மேலே, கூடிய பயம் கீழே. மேலேயுள்ளதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் செய்து பாருங்கள். "இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று பயந்தோம், உண்மையில் என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நோவைப் பார்த்து நிறுத்தாமல் மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்துங்கள். நோ கூடிய நாளிலும் 10 நிமிடம் நடக்க முடியுமென்றால் 8 நிமிடத்தில் தொடங்குங்கள். சில நாட்களுக்கொருமுறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். நோ குறைந்த நாளில் வீடு முழுவதையும் கூட்டித் துடைத்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவதும் கூடாது. தொடக்கத்தில் நோ சற்றுக் கூடலாம். அது காயமல்ல, பழக்கமின்மை.

நடப்பதற்கு லைப்சிக்கில் இடமா இல்லை? முதலில் ட்ராம் தரிப்பிடம் வரை, பிறகு கிளாரா செட்கின் பூங்கா. குறூனோவில் இருப்பவர்களுக்குக் குல்க்விற்ஸ் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. நகரெங்கும் காணும் 'ஷ்ரேபர்' தோட்டங்களுக்குப் பெயர் கொடுத்த மோரிட்ஸ் ஷ்ரேபர் இவ்வூரின் எலும்பு வைத்தியர். 1855இலேயே வீட்டுக்குள் செய்யும் உடற்பயிற்சிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். வெளியே பனி உறைந்து வழுக்கும் நாளில் நீங்களும் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

எம்மில் சிலரது உடம்பு அடி உதையைக் கண்டது. அவர்களுக்கு ஓர் அசைவோடு பழைய நினைவும் எழும்பும். போர் தந்த மனக்காயம் உடல் உழைவாகவும் வெளிப்படுவதை யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். இத்தகையவர்கள் தனியே முயலாமல் மனநல உதவியையும் சேர்த்துக் கேட்பது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கவனம்! சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போதல், சிறுநீர் அடைபடுதல், தொடைகளுக்கிடையே விறைப்பு, காலில் திடீர்ப் பலவீனம் ஆகியவை வந்தால் உடனே 112ஐ அழையுங்கள். காய்ச்சலோடு வரும் நோ, காரணமின்றி மெலிதல், விழுந்தபின் வந்த நோ என்றால் தாமதியாமல் வைத்தியரிடம் போங்கள்.

புகலிட வழக்கு முடியாதவர்களும் தயங்க வேண்டாம். 1993ஆம் ஆண்டின் புகலிடம் கோருவோர் உதவிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடும் நோய்களோடு வலி நிலைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வைத்தியரிடம் நோவை மட்டும் சொல்லாமல், "இஷ் ஹாபே ஆங்ஸ்ட், மிஷ் ட்சு பெவேகன்" என்றும் சொல்லுங்கள். "அசையப் பயமாக இருக்கிறது" என்பதே பொருள். அதோடு 'பிசியோதெரபி' எழுதித் தருவீர்களா என்றும் கேளுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல் வளர்ந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். பெற்றோரின் பயத்தைப் பிள்ளைகள் சுமக்கக் கூடாது.

நோ முழுதாகப் போகும்வரை காத்திருந்து நடக்கத் தொடங்குவோம் என்றால் காலம்தான் போகும். இன்றைக்கு 8 நிமிடம் போதும்.