மகளை வழியனுப்புவோம், அடகு வைக்க மாட்டோம்!

பிளவக்கல் அணை வறண்டு, கண்மாய்கள் காய்ந்து கிடக்கும் ஆண்டில் வத்திராயிருப்பு வட்டாரத்து விவசாயத் தொழிலாளியின் குடிசைக்கு முதலில் வருபவர் யார்? அதிகாரியா? மந்திரியா? இல்லை! பஞ்சாலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுதான் வருகிறார். அவர் முன்பின் தெரியாதவரும் அல்ல. பல நேரம் பக்கத்துத் தெருக்காரர், உறவுக்காரர். "அக்கா, மூணு வருஷம் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிரும். பிள்ளை கல்யாணத்துக்குக் கையில பணம் வந்துரும்" என்கிறார். தாய் மனசு இளகுகிறது. மகள் பெட்டியைக் கட்டுகிறாள்.

இந்தச் சூழ்ச்சிக்கு முதலாளிகள் சூட்டிய பெயர் 'சுமங்கலித் திட்டம்'. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களின் நூற்பாலைகளில் இது பரவியது. மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைக்க வேண்டும். முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும் என்றார்கள். அது தானமா? அவளுடைய கூலியிலேயே பிடித்து வைத்த பணம்! நோய் கண்டு இடையில் ஊர் திரும்பிய பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நெதர்லாந்து நாட்டின் ஆராய்ச்சி அமைப்புகள் 2011-லும் 2014-லும் வெளியிட்ட அறிக்கைகள், விடுதிப் பெண்கள் விருப்பப்படி வெளியே செல்லவும் தொலைபேசியில் பேசவும் தடை இருந்ததை அம்பலப்படுத்தின. பெயர் மாறலாம், பூட்டு மாறாவிட்டால் என்ன பயன்?

"பெண் வெளியே போய் சம்பாதிப்பது முன்னேற்றம்தானே, கட்சி ஏன் எதிர்க்கிறது?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். மகள் வேலைக்குப் போவதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். அவள் பூட்டப்படுவதையே எதிர்க்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார், மகளைப் பிரிந்த தாயின் குரலில் பாடினார். அந்தத் தாயின் ஏக்கம் பாசுரமாயிற்று. நம் கூலிக்காரத் தாயின் ஏக்கமோ முதலாளிக்கு மூலதனமாயிற்று! பெற்றவள் பாசத்தால் பொறுக்கிறாள். மகள் குடும்பத்தை நினைத்து வாய் திறக்காமல் இருக்கிறாள். இந்த இரண்டு மௌனங்களின் மீதுதான் லாபம் எழுகிறது.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, அதை அமுலாக்க வைக்கும் பலம் சங்கத்திடம்தான் இருக்கிறது.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. செங்கொடி பிடிக்கும் தோழர் தன் மகனுக்கு நகை கேட்டால், இன்னொரு தொழிலாளியின் மகளை மில் விடுதிக்குள் தள்ளுகிறவர் அவரே! இதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வோம்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! மகளை அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மாதாமாதம் முழுக் கூலி அவள் பெயரிலேயே வருமா? நினைத்தபோது அவள் பேசவும் வீடு வரவும் முடியுமா? சங்கத்தில் சேரலாமா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அனுப்பாதீர்கள். ஆலைத் தோழர்களே! உங்கள் மில் விடுதியில் இருப்பது வத்திராயிருப்புத் தாயின் மகள் மட்டுமல்ல, உங்கள் தங்கை. அவளுக்கும் சங்கத்தின் கதவைத் திறந்து வையுங்கள்!