மணியை எங்கே அடக்கம் செய்வது?



சென்ற ஆண்டு அக்டோபர் மழையில், நாம் நன்கறிந்த ஒரு பங்குக் குடும்பத்தில் மணி என்னும் நாய் இறந்தது. 13 ஆண்டுகள் அவ்வீட்டுத் திண்ணையைக் காத்த நாய். "எட்டு மணிக்குக் குப்பை வண்டி வரும், சாக்கில் கட்டிக் கொடுத்துவிடலாம்" என்றார் குடும்பத் தலைவர். பத்து வயது மகளோ, "கல்லறைத் தோட்டத்தில் ஆயா பக்கத்திலே புதைக்க வேண்டும், சாமியார் வந்து மந்திரிக்க வேண்டும்" என்று தேம்பினாள். இருவருக்கும் இடையே தாய் செய்வதறியாது நின்றார். அன்று காலை நம்மிடம் அவர் கேட்ட கேள்வி, நம் இல்லங்கள் பலவற்றில் என்றாவது ஒருநாள் எழக்கூடியதே. ஆகவே அதனை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

விவிலியத்தில் தோபித்து நூலை அறிவோம். உணவுப் பந்தியை விட்டெழுந்து, கேட்பாரற்றுக் கிடந்த பிணத்தை அடக்கம் செய்த நீதிமானின் வரலாறு அது. இறந்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று எனத் திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. அதே நூலில், தோபியா வானதூதர் இரபேலுடன் பயணம் புறப்படுகையில், நாயும் உடன் சென்றது என்று வாசிக்கிறோம். திரும்பி வருகையிலும் அது பின்தொடர்கிறது. மனிதருக்குரிய மாண்பும் நாய்க்குரிய இடமும் ஒரே நூலில், ஒன்றோடொன்று மோதாமல் நிற்கின்றன அன்றோ?

1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இவ்வாறே கூறுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம், அவற்றை நேசிக்கலாம். ஆயினும் மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றின்மேல் திருப்பலாகாது. மனிதரின் துயர் துடைக்க முதற்கண் செல்லவேண்டிய பணத்தை அவற்றுக்காகச் செலவிடலாகாது. பளிங்குக் கல்லறை கட்ட எண்ணுவோர் இதனை நினைவில் கொள்வது நலம்.

அப்படியானால் நினைவுச் சின்னமே வேண்டாமோ? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் கல் அது. அவனருகே கோவிவன் என்னும் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என எழுத்துகள் உரைக்கின்றன. நாயின் பெயர், அது செய்த பணி, அவ்வளவே. மிகைச் சொல் ஒன்றுமில்லை. நன்றியறிதலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இவற்றையெல்லாம் எண்ணி, நாம் அத்தாய்க்குச் சொன்னவை எளியவை. கல்லறைத் தோட்டம் உயிர்ப்புக்காகக் காத்திருக்கும் மனிதருக்கு உரியது. அடக்கச் சடங்கும் அவர்களுக்கே உரியது. ஆனால் குப்பை வண்டியும் மணிக்குரிய இடம் அன்று. அது படுத்துறங்கிய கொய்யா மரத்தடியில், கிணற்றுக்கு எட்டவே, மூன்றடிக்குக் குறையாத ஆழத்தில் குழி வெட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். பழைய பருத்தித் துணி போதும். தோட்டமில்லாதோர் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். சில பெருநகரங்களில் எரியூட்டும் வசதியும் உண்டு. வெறிநோய் ஐயமிருப்பின் வெறுங்கையால் தொடாது, கால்நடை மருத்துவரிடம் அறிவிக்க வேண்டும். ஊசி மருந்தால் துயிலச் செய்யப்பட்ட விலங்கின் உடலில் அம்மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்னும் பிற உயிர்களும் மாளும். ஆதலால் அதனை வெளியில் எறிதல் பெரும் பிழை.

தந்தையே குழி வெட்டினார். மகள் துணி போர்த்தினாள். மணியைத் தந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறி, குடும்பமாய் ஒரு பரலோக மந்திரம் சொன்னார்கள். குழியின்மேல் செம்பருத்திக் கன்று ஒன்றை நட்டார்கள். "மணி மோட்சத்துக்குப் போகுமா?" என்று சிறுமி கேட்டபோது, தாய் பொய்யுறுதி எதுவும் அளிக்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், நிலைவாழ்வில் படைப்பு ஒவ்வொன்றும் ஒளிமயமாய் உருமாறித் தன் இடம் பெறும் என எழுதியதை நாம் அவருக்குச் சொல்லியிருந்தோம். "படைத்தவர் தம் படைப்பை மறப்பதில்லை, கண்ணு. அவர் கையில் விட்டுவிடுவோம்" என்றார் தாய்.

நவம்பர் 2ஆம் நாள் வந்தது. மெழுகுவர்த்திகளை எண்ணிக்கொண்டிருந்த மகள், மணிக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டாள். "மெழுகுவர்த்தி நம் ஆயாவுக்கு, அவர் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள, மணிக்கு அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்று" என்றார் தாய். சிறுமி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, "அப்பா, மணி இடத்தில் நாம் களை எடுத்து வைத்திருக்கிறோமே, ஆயா கல்லறையில் போன வருடம் புல் முழங்கால் அளவு இருந்ததே?" என்றாள்.

தந்தை மறுமொழி கூறவில்லை. மண்வெட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு, மாலைத் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டார்.