டாக்டர் கனவு இருக்கிறது, ஆம்புலன்ஸில் இடம் இல்லை: தாம்பரம் பக்கத்து மாணவர்கள் என்ன செய்யலாம்?

நீட் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள், மறுபடியும் எழுதத் தயாராகிறவர்கள், இப்போதுதான் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள் என்று குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை நிறைய பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளின் இணையதளத்தையோ மருத்துவ சீரியல்களையோ பார்க்கும்போது இவர்களுக்கு வரும் கேள்வி: வார இறுதியில் 108 ஆம்புலன்ஸில் தன்னார்வலராகப் போக முடியுமா?

முடியாது.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அரசுடன் ஒப்பந்தம் போட்டு இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் நடத்துகிறது. வண்டியில் இருப்பது இரண்டு பேர்: பைலட் எனப்படும் ஓட்டுநர், இ.எம்.டி. எனப்படும் மருத்துவ உதவியாளர். தேவைப்பட்டால் தேனாம்பேட்டை கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டர் போனில் வழிகாட்டுவார். இருவருமே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். நர்சிங் அல்லது உயிர் அறிவியல் படிப்பு முடித்தவர்களைத் தேர்வு செய்து, பயிற்சி கொடுத்த பிறகுதான் இ.எம்.டி.யாக அனுப்புகிறார்கள். மூன்றாவதாக ஒரு தன்னார்வலர் இருக்கை அந்த ஏற்பாட்டிலேயே கிடையாது.

இஸ்ரேலில் 15 வயதுப் பிள்ளைகள் பயிற்சி பெற்று ஆம்புலன்ஸில் போகிறார்கள். ஜெர்மனியில் மீட்புப் பணிப் பயிற்சி முடித்திருந்தால் சில மருத்துவக் கல்லூரிகள் அட்மிஷனில் அதைக் கணக்கில் எடுக்கின்றன. நம்மூரில் மருத்துவ சீட் என்றால் நீட் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அதோடு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. நீங்கள் எத்தனை பேருக்கு முதலுதவி செய்தீர்கள் என்று கவுன்சலிங்கில் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் ‘தன்னார்வலர் சான்றிதழ் இருந்தால் சீட்டுக்கு உதவும்’ என்று யாராவது பணம் கேட்டால், நம்ப வேண்டாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘அனுபவத்துக்காக’ தெரிந்த கிளினிக்கில் போய் நின்று ஊசி போடுவது, தையல் போடுவது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34-ன்படி பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சீட் கிடைப்பதற்கு முன்பே வழக்கில் சிக்குவதா?

அப்போ எங்கேதான் தேவைப்படுகிறார்கள்?

ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய நிமிடங்களில். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் மாலை நேரத்தில் மாட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பயணிகள் இறங்கும் இடமே அங்கு மாறிவிட்டது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய இரவில் சைரன் போட்டாலும் வண்டி நகர இடம் இருக்காது.

இதயம் நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கத் தொடங்கும். தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் ஒருவர் சுருண்டு விழுந்தால், மூச்சும் அசைவும் இல்லையென்றால், அங்கே தேவை எம்பிபிஎஸ் பட்டம் அல்ல. 108-க்கு ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் (6-ஐத் தாண்டாமல்) அழுத்தத் தெரிந்த இரண்டு கை. விபத்து என்றால் ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், கழுத்தை அசைக்கக் கூடாது. நம்ம ஊர்க் கூட்டம் முதலில் செய்வது சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றுவதுதான்; அதைத் தடுப்பதே பெரிய உதவி.

போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமா?

வேண்டாம். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவி செய்பவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு வந்தது. நல்லெண்ணத்தோடு, பலன் எதிர்பார்க்காமல் உதவினால் உங்கள் மேல் சிவில், கிரிமினல் வழக்கு வராது. பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையும் உங்களிடம் பணம் கட்டச் சொல்லக் கூடாது. ஆனால் 134ஏ சாலை விபத்துக்கு மட்டும்தான். ரயில் நிலையத்தில் மாரடைப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு, மயங்கிக் கிடப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்த செயலுக்குப் பாதுகாப்பு தருகிறது. முதலுதவியோடு நின்றால்தான் இதெல்லாம். மருந்து, ஊசி என்று இறங்கினால் கதையே வேறு.

விபத்தில் சிக்கியவரின் குடும்பம் பணத்தை நினைத்துத் தயங்கினால், ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்து என்றால், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை வரம்புக்குள் அரசே ஏற்கும்.

எங்கே கற்றுக்கொள்வது?

சென்னையில் 2005 முதல் இயங்கும் ‘அலர்ட்’ அமைப்பு பொதுமக்களுக்கு இந்தப் பயிற்சியைத்தான் தருகிறது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. கல்லூரியில் இருப்பவர்களுக்கு யூத் ரெட் கிராஸ், என்.எஸ்.எஸ். இருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது களத்தில் இறங்கிய இளைஞர்கள் பலருக்கு மனசு இருந்தது, பயிற்சி இல்லை. அடையாற்றில் அடுத்த வெள்ளம் வரும்போதும் அப்படியே இருக்கலாமா என்பதை அரசும் யோசிக்கலாம். பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைப் பதிவு செய்து, அருகில் அவசரம் என்றால் 108-லிருந்தே அவர்களுக்குத் தகவல் போகும்படி செய்ய, ஜி.எஸ்.டி. சாலை மாதிரி நெரிசலான தடம் சரியான சோதனைக்களம்.

ஆம்புலன்ஸ் வேலையே பிடித்திருக்கிறது என்பவர்களுக்கு நீட் தேவையில்லாத வழியும் உண்டு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் போதும். எம்பிபிஎஸ்தான் வேண்டும் என்றால், முதலாண்டின் தொடக்கத்திலேயே அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி உண்டு. நீட்டுக்கு மறுபடியும் படிப்பவர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால், அதை இப்போதே கற்றுக்கொண்டுவிடலாம்.